புது மதர்போர்டு: ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை. போர்டு உண்மையிலேயே டெட்டா?

பொருநைக்கரை

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக இதோடு போராடிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை கட்டடக்கலை இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளுடைய பழைய லேப்டாப்பில் ஒரு ரெண்டர் (வரைந்த கட்டடத்தை நிஜப் படம் மாதிரி மாற்றுவது) போட்டால் ராத்திரி முழுக்க ஓடி, காலையில் பார்த்தால் தொங்கி நிற்கும். ஒரு வருடமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவளுக்காக ஒரு கணினி சேர்த்தேன். ப்ராசஸர் ரைசன் 5 9600எக்ஸ், பி650 மதர்போர்டு, டிடிஆர்5 ராம் 16 ஜிபி இரண்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஒரு கிராபிக்ஸ் கார்டு. ப்ராசஸரும் ராமும் ஆன்லைனில் வாங்கியது. போர்டை சென்னையில் இருக்கும் நண்பன் ஒரு கடையில் வாங்கி பஸ்ஸில் போட்டு விட்டான். சீல் பிரிக்காத பெட்டிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்து மெதுவாக, வீடியோ பார்த்துப் பார்த்து, நானே மாட்டினேன். சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, கூலர் சுற்றுகிறது, ராமில் விளக்கு எரிகிறது. ஆனால் மானிட்டரில் 'நோ சிக்னல்'. கீபோர்டில் நம்லாக் விளக்குகூட எரியவில்லை. மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் ஒரு நொடி வந்து போய்விடுகிறது.

செய்து பார்த்தவை: ராமைக் கழற்றி மாட்டினேன், ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டேன். கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு மானிட்டர் வயரை போர்டிலேயே சொருகினேன். நாணய பேட்டரியைக் கழற்றி பத்து நிமிடம் விட்டு மறுபடி போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை.

பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு டெட், மாத்திடுங்க" என்றார்கள். போர்டு வாங்கிய கடையில் கேட்டால் கூரியரில் அனுப்புங்கள், கம்பெனிக்குப் போய் வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். அவளுக்கு ரிவ்யூ இன்னும் மூன்று வாரத்தில். முதல் இரண்டு நாள் காலேஜ் கிளம்பும்போது "அண்ணா, ஆன் ஆச்சா?" என்று கேட்டாள். இன்றைக்குக் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

அனுப்புவதற்கு முன்னால் வேறு ஏதாவது பார்க்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொங்கு பிசி

முதலில் ஒன்று, திறந்தே பார்க்காமல் யாரும் போர்டு டெட் என்று சொல்ல முடியாது. அதை மனதில் இருந்து எடுத்துவிடுங்கள்.

போர்டில் வலது மேல் மூலையில், ராம் ஸ்லாட் பக்கத்தில் அல்லது 24 பின் கனெக்டர் பக்கத்தில், நான்கு குட்டி எல்இடி வரிசையாக இருக்கும். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பெரும்பாலான போர்டுகளில் சிபியுவுக்குச் சிவப்பு, டிராமுக்கு மஞ்சள் அல்லது ஆரஞ்சு, விஜிஏவுக்கு வெள்ளை, பூட்டுக்குப் பச்சை. ஆன் செய்ததும் போர்டு இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போகும். எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறதோ அந்த விளக்கு அணையாமல் நிற்கும். உங்களுக்கு எது நிற்கிறது? அதைச் சொல்லாமல் நாங்கள் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

அப்புறம், ஆன் செய்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? டிடிஆர்5 முதல் முறை ஆன் ஆகும்போது போர்டு ராமோடு பழகுவதற்கு நேரம் எடுக்கும். அதுவரைக்கும் திரை கறுப்பாகவே இருக்கும், இரண்டு ஜிபி இரண்டு ஜிபியாக ராம் போட்ட காலத்துப் பழக்கத்தில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிட்டால் அடுத்த முறை மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும். இப்படியே பத்து முறை அணைத்து அணைத்துப் போட்டு, போர்டு கெட்டுவிட்டது என்று வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குறைந்தது 15 நிமிடம் தொடாமல் விடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு போர்டில் சொருகிப் பார்த்தது சரிதான், 9600எக்ஸில் உள்ளேயே டிஸ்ப்ளே இருக்கிறது. 7500எஃப் மாதிரி எஃப் என்று முடிவதில்தான் அது இருக்காது. ராம் ஒன்றுதான் போடுகிறீர்கள் என்றால் ப்ராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள், இரண்டு போட்டால் இரண்டாவதும் நான்காவதும்.

---

பொருநைக்கரை

ரொம்ப நன்றி அண்ணா. இப்போதுதான் மேசை விளக்கை வைத்துப் பார்த்தேன். சிபியு என்று போட்ட இடத்தில் சிவப்பு எரிந்து அப்படியே நிற்கிறது. மற்ற மூன்றும் எரியவே இல்லை. ராம் ஒன்றை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, கடிகாரம் வைத்து 20 நிமிடம் விட்டேன். சிவப்பு அசையவில்லை.

சிபியுவுக்குப் போகும் 8 பின் வயர் மாட்டியிருக்கிறேன், 4+4 என்று இரண்டாகப் பிரியும் வயர், இரண்டும் உள்ளே நன்றாக இறங்கிக் கொக்கி விழுந்திருக்கிறது.

---

சின்னத்திரை

சிபியு லைட் நிற்கிறது என்றால் ஒன்று போர்டு, இல்லை ப்ராசஸர். வீட்டில் வைத்து நோண்ட வேண்டாம். வாங்கிப் பத்து நாள் தாண்டினால் கடையில் மாற்றித் தரமாட்டார்கள், சர்வீஸ் சென்டருக்குப் போ என்பார்கள். இன்றைக்கே பேக் பண்ணி அனுப்பிவிடுங்கள். எனக்கு அப்படித்தான் ஆனது, ஒரு வாரம் யூட்யூப் பார்த்துக்கொண்டிருந்ததில் நாள் போய்விட்டது.

---

ஈயப்பற்று

தம்பி, அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம். நாள் கணக்கைப் பற்றிச் சின்னத்திரை சொல்வதும் நியாயம்தான், அதனால் கடைக்கு இன்றைக்கே வாட்ஸ்அப்பில் பில்லோடு ஒரு செய்தி போட்டு வையுங்கள், புகார் சொன்ன தேதி பதிவாகிவிடும். ஆனால் போர்டைக் கையில் இருந்து விடுவதற்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மதுரையில் இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ் வேலை பார்க்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஃபேன் சுற்றுவதால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. 24 பின் வயர் ஒன்று மட்டும் இருந்தாலே ஃபேனும் சுற்றும், கலர் விளக்கும் எரியும். ப்ராசஸருக்குத் தனிச் சாப்பாடு, அது மேல் இடது மூலையில் உள்ள 8 பின் வழியாகத்தான் வருகிறது. அது மாட்டியிருக்கிறது என்கிறீர்கள், சரி. கிராபிக்ஸ் கார்டுக்கு வரும் 6+2 வயரும் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும், சிலர் அதை அழுத்தி இங்கே சொருகிவிடுவார்கள், அதில் 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறி இருக்கும், போர்டே போய்விடும். நீங்கள் 4+4 என்று தெளிவாகச் சொன்னதால் அந்தப் பயம் இல்லை.

இப்போது கேபினட்டில் இருந்து போர்டை வெளியே எடுங்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே வையுங்கள், வெறும் அட்டை மேல். அந்தப் பளபளக்கும் ஆன்டி ஸ்டாட்டிக் கவர் மேல் வைத்து ஆன் செய்யக் கூடாது, அதன் வெளிப்பக்கம் கரண்டைக் கடத்தும். ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், 24 பின், 8 பின், மானிட்டர் வயர். இவ்வளவுதான், எஸ்எஸ்டி கூட வேண்டாம். பவர் பட்டனுக்குப் பதில் போர்டின் கீழ் மூலையில் பவர் சுவிட்ச் என்று போட்ட இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகிவிடும். வெளியே வைத்து வேலை செய்தால் குற்றம் கேபினட்டில். உங்கள் போர்டின் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) முளைத்துக்கொண்டு நின்றால் பின்பக்கம் முட்டும், அதுவே ஷார்ட். கேபினட்டோடு வருவதிலேயே சிலது தேவையில்லாத ஓட்டையில் மாட்டியே வரும், எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளியே வைத்தும் அதே சிவப்பு என்றால் கூலரை எடுத்து, ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டைப் பாருங்கள். இதைத்தான் ரொம்பக் கவனமாகச் செய்யச் சொல்வேன். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வரைக்கும் பின் ப்ராசஸரில் இருந்தது, ஏஎம்5 வந்ததில் இருந்து பின் போர்டுக்குப் போய்விட்டது. 1718 பின். ஒவ்வொன்றும் தலைமுடி மாதிரி. ப்ராசஸரைத் தூக்கிவிட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் எல்லாப் பின்னும் ஒரே பக்கமாக, காற்றடித்த நாற்று மாதிரி, ஒரே சீராக மினுங்கும். நடுவில் ஒரு புள்ளி மட்டும் மினுங்காமல் இருட்டாக இருந்தாலோ, வேறு திசையில் மினுங்கினாலோ, அந்த இடத்தில் ஒரு பின் மடங்கியிருக்கிறது. தூசியோ தெர்மல் பேஸ்ட்டோ ஒட்டியிருந்தாலும் அப்படித்தான் தெரியும். நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். விரல் படக் கூடாது, துணி போட்டுத் துடைக்கவே கூடாது.

எப்படி இருந்தாலும் அந்த நிலையிலேயே தெளிவாக ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பின் நன்றாக இருந்தால் அது உங்களுக்குச் சாட்சி. பின் மடங்கிய போர்டுக்கு வாரண்டி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், கூரியரில் மடங்கியதா உங்கள் கையில் மடங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. சாக்கெட்டை மூடியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடவில்லையே? திருப்பி அனுப்பும்போது அது கட்டாயம் இருக்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போது பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வையுங்கள். கூலர் ஸ்க்ரூவை எதிர் எதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒரே பக்கம் இறுக்கினால் ப்ராசஸர் ஒரு பக்கம் சாய்ந்து அழுந்தும், ஒரு ராம் ஸ்லாட் வரிசையே போர்டுக்குத் தெரியாமல் போகும்.

---

இரவுக்கணினி

ஈயப்பற்று அண்ணன் சொன்னதை எல்லாம் செய்யுங்கள், ஆனால் அதற்கும் முன்னால் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய ஒன்று இருக்கிறது. இந்தச் சேர்க்கையைப் பார்த்ததுமே எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பயாஸ், அதாவது ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் நிரல்.

ஏஎம்5 சாக்கெட் 2022 செப்டம்பரில் ரைசன் 7000 வரிசையோடு வந்தது. பி650 போர்டுகள் அடுத்த மாதமே, அக்டோபரில், வந்துவிட்டன. உங்கள் 9600எக்ஸ் வந்தது 2024 ஆகஸ்டில். இடையில் இரண்டு வருடம் இருக்கிறது. 2023இல் தயாராகிப் பெட்டியில் போட்டு சீல் வைத்த ஒரு போர்டு, கடை அலமாரியில் அப்படியே இருந்து இப்போது உங்கள் கைக்கு வந்திருந்தால், அதற்கு இப்படி ஒரு ப்ராசஸர் இருப்பதே தெரியாது. சாக்கெட் ஒன்றுதான், அச்சாக உட்காரும், பூட்டிக்கொள்ளும், ஆனால் பயாஸுக்கு அதை அடையாளம் தெரியாததால் முதல் படியிலேயே நின்றுவிடும். சிபியு விளக்கில் நிற்பதும், அதைத் தாண்டி ராம் வரைக்கும் போகாததும் இதோடு அப்படியே பொருந்துகிறது.

சரிபார்க்க: பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். புதிதாக வந்த சரக்கில் ரைசன் 9000க்குத் தயார் என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அது இல்லை, அல்லது 7000 என்று மட்டும் போட்டிருக்கிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. சில போர்டுகளில் பயாஸ் பதிப்பு எண்ணையே ஒரு குட்டி வெள்ளை ஸ்டிக்கரில் அச்சடித்து போர்டில் ஒட்டியிருப்பார்கள். அப்புறம் போர்டு கம்பெனியின் தளத்துக்குப் போய் உங்கள் மாடலைத் தேடி, ப்ராசஸர் ஆதரவுப் பட்டியலைத் திறந்து, 9600எக்ஸுக்கு நேரே எந்தப் பதிப்பில் இருந்து என்று போட்டிருப்பதைப் பாருங்கள். மாடல் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் வேறு போர்டு, அதில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்.

நல்ல செய்தி என்னவென்றால் இதைச் சரிசெய்ய வேறு ப்ராசஸர் தேவையில்லை. போர்டின் பின்தகட்டில், யூஎஸ்பி போர்ட்டுகள் இருக்கும் பக்கத்தில், பயாஸ் ஃப்ளாஷ்பேக் அல்லது ஃப்ளாஷ் பயாஸ் என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் ஒரே ஒரு யூஎஸ்பி போர்ட்டுக்கு மட்டும் தனியாகக் கட்டம் போட்டோ பெயர் எழுதியோ குறித்திருப்பார்கள். பட்டன் இருந்தால் உங்கள் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்தது.

தங்கையின் லேப்டாப்பில் புதிய பயாஸ் கோப்பை இறக்குங்கள். ஜிப்பாக வரும், பிரித்து உள்ளே இருக்கும் பெரிய கோப்பை எடுங்கள். கையேட்டில் அதற்கு என்ன பெயர் வைக்கச் சொல்லியிருக்கிறதோ அதே பெயர் வையுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். வெறும் பென்டிரைவில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் அந்த ஒரு கோப்பை மட்டும் வையுங்கள். 24 பின்னும் 8 பின்னும் மாட்டியிருக்க வேண்டும், எஸ்எம்பிஎஸ் சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும், ஆனால் கணினியை ஆன் செய்யக் கூடாது. குறித்த போர்ட்டில் பென்டிரைவைச் சொருகி, பட்டனை விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கும் வரை அழுத்திப் பிடியுங்கள், சுமார் மூன்று நொடி. அப்புறம் கை வைக்கக் கூடாது. விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்து தானாக அணையும்.

அந்த நேரத்தில் கரண்ட் போனால்தான் உண்மையிலேயே சிக்கல். உங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் யாரிடமாவது ஒரு யூபிஎஸ் வாங்கி அதன் வழியாகச் செய்யுங்கள்.

இது ஏஎம்5க்குப் புதிதாக வந்த தொல்லை இல்லை. 2018இல் ரைசன் 2200ஜி, 2400ஜி வந்தபோது பழைய போர்டு வாங்கியவர்களுக்கு இதே நிலைமைதான். அப்போது பெரும்பாலான மலிவு போர்டுகளில் இந்தப் பட்டன் கிடையாது, பயாஸை மாற்றிக்கொள்வதற்காக ஏஎம்டியே ஒரு சின்ன ப்ராசஸரை இரவல் அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டது.

---

பொருநைக்கரை

இரவுக்கணினி அண்ணா, பெட்டியில் 7000 என்றுதான் ஸ்டிக்கர் இருக்கிறது! பட்டியலிலும் பார்த்தேன், 9600எக்ஸுக்கு 2024இல் வந்த பதிப்பு வேண்டும் என்று போட்டிருக்கிறது. பட்டனும் பின்னால் இருக்கிறது, மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ரீசெட் பட்டன் என்று நினைத்துத் தொடவில்லை.

ஈயப்பற்று அண்ணன் சொன்ன மாதிரி போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்துவிட்டேன். சாக்கெட்டையும் டார்ச் சாய்த்துப் பார்த்தேன், எல்லாம் ஒரே சீராக மினுங்குகிறது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். மூடியும் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் ஃப்ளாஷ் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் விளக்கு மூன்று நான்கு முறை சிமிட்டுகிறது, அப்புறம் சிமிட்டாமல் அப்படியே எரிந்துகொண்டு நிற்கிறது. ஐந்து முறை செய்துவிட்டேன். பென்டிரைவ் 64 ஜிபி, புதிது. கோப்புக்குக் கையேட்டில் உள்ள பெயரைத்தான் வைத்திருக்கிறேன். அதிலும் சிக்கலா?

---

இரவுக்கணினி

சில நொடியில் விளக்கு சிமிட்டாமல் நின்றுவிட்டால் கோப்பை அதால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். போர்டில் எதுவும் மாறவில்லை, பயப்பட வேண்டாம். இரண்டு இடத்தில் ஒன்றில்தான் தப்பு இருக்கும்.

ஒன்று பென்டிரைவ். 64 ஜிபி என்றால் கடையில் இருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் வரும். ஃப்ளாஷ்பேக்குக்கு ஃபேட்32 தான் வேண்டும். 32 ஜிபிக்கு மேல் போனால் விண்டோஸின் சாதாரண ஃபார்மட் பெட்டி ஃபேட்32 என்ற தேர்வையே காட்டாது. பழைய 8 ஜிபியோ 16 ஜிபியோ யாரிடமாவது இருக்கும், அதை வாங்கி ஃபேட்32 என்று ஃபார்மட் போடுங்கள்.

இன்னொன்று பெயர். விண்டோஸ் கோப்பின் கடைசி நீட்சியை மறைத்து வைத்திருக்கும். நீங்கள் நீட்சியோடு சேர்த்துப் பெயரை அடித்திருந்தால், மறைந்திருக்கும் பழைய நீட்சியும் பின்னால் ஒட்டிக்கொண்டு இரண்டு வால் முளைத்துவிடும். உங்கள் கண்ணுக்குச் சரியான பெயர் தெரியும், போர்டுக்குத் தெரியாது. எக்ஸ்ப்ளோரரில் வியூ என்பதற்குள் போய், கோப்பு நீட்சிகளைக் காட்டு என்பதை டிக் செய்துவிட்டுப் பாருங்கள்.

---

கொங்கு பிசி

நான் ஒருமுறை ஜிப்பைப் பிரிக்காமல் ஜிப்புக்கே பெயர் மாற்றி ஒரு மணி நேரம் அழுத்திக்கொண்டிருந்தேன். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பெயரை மாற்றித் தர சில கம்பெனிகள் ஒரு குட்டி நிரலையே ஜிப்புக்குள் போட்டுத் தருகின்றன, இருந்தால் அதை ஓட்டினால் போதும்.

---

பொருநைக்கரை

வந்துவிட்டது!!! டிஸ்ப்ளே வந்துவிட்டது!!!

முழுசாகச் சொல்கிறேன், என்னை மாதிரி யாராவது தேடி வந்தால் உதவும்.

இரண்டு தப்பும் இருந்தது. பென்டிரைவ் எக்ஸ்ஃபேட், பெயருக்குப் பின்னால் இரண்டு வால். தங்கையின் தோழி வீட்டில் இருந்து ஒரு 8 ஜிபி பென்டிரைவ் வாங்கி வந்தாள், ஃபேட்32 போட்டு, நீட்சியைச் சரிசெய்து, எதிர்வீட்டு மாமாவின் யூபிஎஸ்ஸில் எஸ்எம்பிஎஸ்ஸைச் சொருகி, பட்டனை அழுத்தினேன். இந்த முறை விளக்கு நிற்கவில்லை. முதலில் நிதானமாகச் சிமிட்டியது, அப்புறம் வேகமாக. ஆறு நிமிடம் போல ஆகியிருக்கும், யாரும் பேசவில்லை, அம்மாகூட மிக்சி போட வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். விளக்கு தானாக அணைந்தது.

ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு ஆன் செய்தேன். சிவப்பு எரிந்தது, வயிறு கலங்கிவிட்டது, ஆனால் சில நொடியில் அணைந்து ஆரஞ்சு வந்தது. டிராம். மூன்று நாளில் முதல் முறையாக வேறு ஒரு விளக்கு. அப்புறம் ஒன்றும் இல்லை. திரை கறுப்பு. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். நான்காவது நிமிடம் கை தானாக சுவிட்சுக்குப் போய்விட்டது. தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள், "15 நிமிஷம்னு எழுதியிருக்காங்க" என்றாள். நடுவில் தானாக அணைந்து தானாக ஆன் ஆனது, அதுவும் உயிரை வாங்கியது. ஏழாவது நிமிடம் ஆரஞ்சு அணைந்து, வெள்ளை ஒரு மின்னல் மின்னி, கம்பெனி லோகோ திரையில் வந்தது. பயாஸுக்குள் போய்ப் பார்த்தோம், ப்ராசஸர் பெயர் சரியாகக் காட்டுகிறது, 16 ஜிபி காட்டுகிறது.

அவள் அந்தத் திரையைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாள். உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சர்வீஸ் கடை பேச்சைக் கேட்டு அனுப்பியிருந்தால் நல்ல போர்டு மூன்று வாரம் ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கும்.

---

சின்னத்திரை

ரொம்ப சந்தோஷம் நண்பரே. என்னுடையதும் 2023இல் வந்த போர்டு, அப்போது அனுப்பி மாற்றிக்கொண்டது. அதையும் இப்படிப் பார்த்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

---

ஈயப்பற்று

நல்லது தம்பி. இனிமேல் ஒவ்வொன்றாகப் போங்கள், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டாதீர்கள்.

வெளியே வைத்தபடியே இரண்டாவது ராமைப் போட்டு 32 ஜிபி காட்டுகிறதா பாருங்கள், மறுபடி ஆரஞ்சு வந்து நிற்கும், காத்திருங்கள். அப்புறம் கேபினட்டில் மாட்டுங்கள், ஸ்டாண்ட்ஆஃபை எண்ணிக்கொண்டு. அதன் பிறகு கிராபிக்ஸ் கார்டு, அது மாட்டியதும் மானிட்டர் வயரை கார்டுக்கு மாற்ற மறக்க வேண்டாம். விண்டோஸ் போட்டு ஒரு நாள் சாதாரண வேகத்தில் ஓட்டுங்கள். எல்லாம் நன்றாக இருந்தால் பிறகு பயாஸில் எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள், ராம் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் அப்போதுதான் வரும். அதற்கும் ஒருமுறை கறுப்புத் திரையோடு காக்க வைக்கும். ஆன் செய்த பிறகு ரெண்டர் நடுவில் நின்றுபோனால் எக்ஸ்போவை அணைத்துவிட்டுப் பாருங்கள், ரிவ்யூ முடியும் வரை வேகத்தைவிட நிற்காமல் ஓடுவதுதான் அவளுக்குத் தேவை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் பயாஸ் மாற்றுகிறீர்கள் என்றால், பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறதா பார்த்து மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு விண்டோஸ் அதைக் கேட்கலாம், சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகள் போனது போனதுதான்.

---

வைகறை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரிதான், ஆனால் பி450 போர்டு, ரைசன் 5 5600. போர்டு செகண்ட்ஹேண்ட். சிபியு லைட் நிற்கிறது. கிராபிக்ஸ் கார்டு இன்னும் வாங்கவில்லை, போர்டில் உள்ள எச்டிஎம்ஐயில்தான் சொருகியிருக்கிறேன். பின்னால் பட்டன் எதுவும் இல்லை.

---

கொங்கு பிசி

உங்களுக்கு இரண்டு சிக்கல். பி450 வந்தது 2018இல், 5600 வந்தது 2022 ஏப்ரலில், பயாஸ் பழசாக இருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அதோடு 5600இல் உள்ளே டிஸ்ப்ளே கிடையாது, 5600ஜி என்றால்தான் உண்டு. பயாஸ் சரியானாலும் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது, போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் சரி.

பட்டன் இல்லாததால் பழைய ஏஎம்4 ப்ராசஸர் ஒன்று இரவல் வேண்டும், 2200ஜி, 2400ஜி கிடைத்தால் ரொம்ப நல்லது, கார்டு இல்லாமலே பயாஸுக்குள் போய் மாற்றிவிடலாம். போர்டை விற்றவரிடமே கேளுங்கள், அதில் ஓட்டிய ப்ராசஸர் அவரிடம் இருக்கக்கூடும். கூலரைக் கழற்றும்போது மட்டும் நேராக இழுக்காதீர்கள், ஏஎம்4இல் ப்ராசஸர் கூலரோடு ஒட்டிக்கொண்டு பின்னோடு பிடுங்கி வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து வயரைக் கழற்றிவிட்டு, இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி எடுங்கள். போர்டு மாடல் பெயரை எழுதுங்கள், எந்தப் பதிப்பு வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.